கொலஸ்ட்ராலைக் குறைக்குமா மூலிகைச் சாறு? குக்குலு சொல்லும் கதை

பரிசோதனைத் தாளில் ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். 160 என்று வந்துவிட்டால், மாத்திரை தொடங்குவதற்கு முன் பூண்டு, வெந்தயம், கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, மருதம்பட்டை என்று ஏதாவது ஒன்றை முயன்று பார்க்காத குடும்பம் நம்மிடையே குறைவு. இணையத்தில் தேடினால் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆய்வும் கிடைக்கும். ‘இந்தச் சாறு கெட்ட கொழுப்பைக் குறைத்தது, ஆன்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும்) நொதிகளைக் கூட்டியது’ என்பதுதான் பெரும்பாலும் அதன் முடிவாக இருக்கும். அந்த முடிவு பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு வரியிலிருந்து நம் இதயத்துக்கு வந்து சேர நிறையப் படிகள் தாண்ட வேண்டும். அந்தப் படிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஏறிப் பார்த்த இந்திய மூலிகை ஒன்று உண்டு. அதன் பெயர் குக்குலு.

ராஜஸ்தான், குஜராத்தின் கட்ச், பாகிஸ்தானின் சிந்து போன்ற வறண்ட பகுதிகளில் வளரும் குட்டையான முள்மரம் அது. பட்டையைக் கீறினால் வடியும் பிசின்தான் மருந்து. யோகராஜ குக்குலு, திரயோதசாங்க குக்குலு என்ற பெயர்களில் ஆயுர்வேத மருந்துக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். மூட்டு வலிக்கும் வாத நோய்க்கும் வாங்குகிறவர்கள்தான் அதிகம். இதைக் கொலஸ்ட்ராலோடு இணைத்தவர் ஜி.வி. சத்யவதி. 1960களில் காசி இந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அவர், சுஸ்ருத சம்ஹிதையில் மேதோரோகம் பற்றி வரும் பகுதியைக் கவனித்தார். மிகுதியாக உண்டு, உடலை அசைக்காமல் இருப்பவருக்குக் கொழுப்பு கூடி, நாளங்கள் அடைபட்டு, அதிலிருந்து வேறு நோய்கள் வரும் என்கிறது அந்தப் பகுதி. அதற்கு மருந்தாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று குக்குலு. கொலஸ்ட்ரால் ஏற்றப்பட்ட முயல்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் இறங்கியது. 1966ல் ஆய்வேடு வந்தது. பின்னாளில் அவர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அமைப்பின் தலைமை இயக்குநராகவும் ஆனார். பழைய நூலில் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாமல், சோதித்துப் பார்க்கத் துணிந்த அந்த மனப்பான்மைக்காகவே அவரை நாம் இன்னும் கொஞ்சம் கொண்டாடியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இந்தப் பிசினை எத்தில் அசிடேட்டில் கரைத்து, வேலை செய்யும் பகுதியைப் பிரித்தெடுத்தது. அந்தச் சாறுக்கு குகுலிப்பிட் என்று பெயர். அதில் உள்ள முக்கிய வேதிப்பொருள் குகுல்ஸ்டீரோன். 1980களில் இந்தியாவில் கொழுப்பு குறைக்கும் மருந்தாக இது சந்தைக்கு வந்தது. மும்பை, பெங்களூரு, டெல்லி, ஜெய்ப்பூர், லக்னோ, நாக்பூர், வாரணாசி ஆகிய 7 நகரங்களில் நடந்த ஆய்வின் முடிவு 1989ல் வெளியானது. 205 நோயாளிகள் 12 வாரம் எடுத்துக்கொண்டதில், 70 முதல் 80% பேருக்குக் கொலஸ்ட்ரால் சராசரியாக 23.6% குறைந்ததாக அது சொன்னது. 1994ல் இன்னொரு இந்திய ஆய்வு, 61 பேரை 24 வாரம் கவனித்தது. எல்லோருக்கும் காய்கறி, பழம் நிறைந்த உணவு. பாதிப்பேருக்கு மட்டும் குகுலிப்பிட். அவர்களுக்கு எல்.டி.எல். 12.5% இறங்கியது. ரத்தத்தில் உள்ள கொழுப்பு ‘துருப்பிடித்திருப்பதை’க் காட்டும் லிப்பிட் பெராக்சைடு அளவும் 33.3% குறைந்தது. கொலஸ்ட்ரால், ஆன்டிஆக்சிடன்ட் என்று இரண்டு பலனும் ஒரே மூலிகையில்.

2002ல் இன்னும் பெரிய செய்தி வந்தது. குகுல்ஸ்டீரோன் எப்படி வேலை செய்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கல்லீரலில் பித்த அமிலத்தை உணரும் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பி ஒன்று இருக்கிறது. பித்த அமிலம் போதும், கொலஸ்ட்ராலிலிருந்து இனிமேல் தயாரிக்க வேண்டாம் என்று கட்டளையிடுவது அதன் வேலை. குகுல்ஸ்டீரோன் அந்த ஏற்பியைத் தடுக்கிறது. அதனால் கொலஸ்ட்ரால் பித்த அமிலமாக மாறிக் குறையும் என்பது விளக்கம். எஃப்.எக்ஸ்.ஆர். இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது கொழுப்பு குறையவில்லை. பழைய நூல், விலங்குச் சோதனை, மனித ஆய்வு, மூலக்கூறு விளக்கம் என்று எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. ஒரு மூலிகைக்கு இதைவிடப் பலமான வழக்கு அமைவது கடினம்.

அடுத்த வருடமே அது உடைந்தது. பிலடெல்பியாவில் 103 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, 8 வாரம் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு வெறும் மாவு மாத்திரை, மற்ற இரண்டு குழுவுக்கும் இரண்டு அளவுகளில் குகுலிப்பிட். யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 5% குறைந்தது. குகுலிப்பிட் சாப்பிட்டவர்களுக்கு 4 முதல் 5% கூடியது. 6 பேருக்குத் தோலில் தடிப்பு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது மாவு மாத்திரைக் குழுவை. ஒன்றுமே இல்லாத மாத்திரை சாப்பிட்டும் அவர்களுக்கு 5% இறங்கியிருக்கிறது. கொலஸ்ட்ரால் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஏறியிருக்கும் நாளில் பரிசோதித்து, ‘உனக்கு அதிகம்’ என்று ஆய்வில் சேர்த்துக்கொண்டால், அடுத்த முறை பார்க்கும்போது தானாகவே கொஞ்சம் குறைந்திருக்கும். ஆய்வில் இருக்கிறோம் என்று வடையும் பரோட்டாவும் குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஒப்பிட ஆள் இல்லாத ஆய்வில் இந்த இறக்கம் முழுவதும் மூலிகையின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். 1989 ஆய்வின் 23.6% வந்த கட்டம் அப்படித் திறந்த முறையில் நடந்ததுதான். அதற்கு முன் 8 வாரம் உணவுக் கட்டுப்பாடும் மாவு மாத்திரையும் கொடுத்திருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு நியாயம் செய்ததாகாது. இருந்தாலும், கண்மூடிய முறையில் அருகருகே வைத்து அளந்தால்தான் மூலிகையின் சொந்தப் பங்கு எவ்வளவு என்று தெரியும். 2009ல் நார்வேயில் 43 பேரிடம் நடந்த சிறிய ஆய்விலும் எல்.டி.எல். சொல்லும்படி இறங்கவில்லை, மொத்தக் கொலஸ்ட்ரால் சற்றுக் குறைந்தது, கூடவே நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லும் குறைந்தது.

இந்த ஆசைக்கு அந்த மரம் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். பிசின் அதிகம் வடிய வேண்டும் என்று ஆழமாகக் கீறினால் மரம் செத்துப்போகிறது. இன்று குக்குலு மரம் மிக அருகிவிட்ட இனங்களின் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.

எலி சொல்வதும் சொல்லாததும்

குக்குலு மனித ஆய்வு வரைக்கும் வந்தது. நாம் படிக்கும் மூலிகைச் செய்திகளில் பெரும்பாலானவை எலியோடு நின்றுவிடுபவை. நம் மருந்தியல் கல்லூரிகளில் எம்.பார்ம். மாணவர்கள் செய்யும் ஆய்வின் வடிவம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். விஸ்டார் வெள்ளெலிகள், குழுவுக்கு 6. ஒரு குழுவுக்குச் சாதாரணத் தீனி. மற்றவற்றுக்குக் கொலஸ்ட்ரால் கலந்த தீனி. அவற்றில் ஒன்றுக்கு மருந்தே இல்லை, இரண்டுக்குச் சாறு, கிலோவுக்கு 200 மி.கி., 400 மி.கி. என்று. கடைசிக் குழுவுக்கு, ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மருந்தான அட்டோர்வாஸ்டாட்டின். முடிவில் ரத்தம் எடுத்து கொழுப்பு வகைகளையும், கல்லீரலை அரைத்து எஸ்.ஓ.டி., கேட்டலேஸ், குளூட்டாதயோன் ஆகிய உடலின் சொந்த ஆன்டிஆக்சிடன்ட்களையும் அளப்பார்கள். மாணவர்கள் நேர்மையாக உழைத்துச் செய்கிற வேலை இது. முதல் கட்டச் சல்லடையாக அதற்கு மதிப்பு உண்டு.

சிக்கல் எலியிடம் இருக்கிறது. எலி இயல்பிலேயே நெஞ்சடைப்பு வராத பிராணி. அதன் ரத்தத்தில் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி எச்.டி.எல்.லாகத்தான் ஓடும். எச்.டி.எல்.லில் உள்ள கொலஸ்ட்ராலை மற்ற துகள்களுக்கு மாற்றித்தரும் சி.இ.டி.பி. என்ற புரதம் நமக்கு உண்டு, எலிக்கு இல்லை. அதனால் வெறும் கொழுப்புத் தீனிக்கு அது அசைந்து கொடுக்காது. தீனியில் கோலிக் அமிலம் சேர்த்தோ, தைராய்டை அடக்கும் மருந்து கொடுத்தோதான் கொலஸ்ட்ராலை ஏற்றுகிறார்கள். டிரைட்டான் என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளை ஊசியில் ஏற்றுவது இன்னொரு வழி. ரத்தத்திலிருந்து கொழுப்பு வெளியேறுவதை அது முடக்குவதால் 24 மணி நேரத்தில் அளவு எகிறிவிடும். வருடக்கணக்காக மெல்லமெல்ல நமக்குக் கூடும் எல்.டி.எல்.லோடு இந்த ஒரு நாள் ஏற்றத்துக்கு உறவு மிகக் குறைவு.

எலி தவறான நம்பிக்கை மட்டுமா கொடுக்கும்? நல்ல மருந்தைத் தட்டியும் கழிக்கும். ஜப்பானியர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973ல் உலகின் முதல் ஸ்டாட்டினான காம்பாக்டினைக் கண்டுபிடித்தார். அதை எலிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் குறையவே இல்லை. எந்த நொதியை மருந்து தடுத்ததோ, அதே நொதியை எலியின் கல்லீரல் கூடுதலாக உற்பத்தி செய்து ஈடுகட்டிவிட்டது. திட்டமே கைவிடப்படும் நிலை. பிறகு முட்டையிடும் கோழிகளிடமும் நாய்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள், நன்றாகக் குறைந்தது. எலியின் பேச்சை மட்டும் கேட்டிருந்தால் இன்று கோடிக்கணக்கானோர் சாப்பிடும் ஸ்டாட்டின் வகையே அங்கே முடிந்திருக்கும்.

சரி, எலியில் நடந்தது மனிதனிலும் அப்படியே நடக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அளவு கட்டுப்படியாகுமா? எலியின் அளவை மனித அளவுக்கு மாற்ற 6.2ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு 400 மி.கி. என்பது மனிதருக்குக் கிலோவுக்குச் சுமார் 65 மி.கி. ஆகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிராம் சாறு. காய்ந்த இலையிலிருந்து பத்தில் ஒரு பங்கு சாறு கிடைக்கிறது என்று கொண்டால், 40 கிராம் காய்ந்த இலை. முருங்கைக்கீரை மாதிரி முக்கால் பங்கு தண்ணீர் உள்ள இலையென்றால் 160 கிராம் பச்சை இலை, தினமும். அதுவும் ஆய்வில் எத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றில் உள்ளதெல்லாம் நாம் பொரியல் செய்யும்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. காலையில் வெறும் வயிற்றில் நாலு கறிவேப்பிலை மெல்லுவதற்கும் அந்த எலி ஆய்வுக்கும் இடையே இவ்வளவு தூரம்.

ஆன்டிஆக்சிடன்ட் என்ற பாதி உண்மை

மூலிகை ஆய்வுகளில் அடிக்கடி வரும் இன்னொரு சோதனை டி.பி.பி.எச். மெத்தனாலில் கரைத்தால் அடர்ந்த ஊதா நிறத்தில் இருக்கும் ஒரு பொருள் அது. அதில் மூலிகைச் சாற்றைக் கலந்து அரை மணி நேரம் இருட்டில் வைக்கிறார்கள். ஊதா மெல்ல வெளுத்து மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியில் வைத்து எவ்வளவு வெளுத்தது என்று அளந்தால், அதுதான் ஆன்டிஆக்சிடன்ட் திறன். மலிவான, அழகான சோதனை. ஆனால் டீத்தூள் கஷாயமும் இதை வெளுக்கும், காபியும் வெளுக்கும். குழாயில் நடப்பது வேதியியல். உடலுக்குள் போனபின் என்ன ஆகிறது என்று அது சொல்லாது.

தாவரங்களில் உள்ள பாலிஃபீனால் என்ற ஆன்டிஆக்சிடன்ட் பொருள்களில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் உருமாற்றப்பட்டு, சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. ரத்தத்தில் எஞ்சுவது மிகச் சொற்பம். அதே ரத்தத்தில் வைட்டமின் சியும் யூரிக் அமிலமும் அதைவிடப் பல மடங்கு அதிகமாக, ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறனை எண்ணால் பட்டியலிட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை, 2012ல் அந்தப் பட்டியலையே இணையதளத்திலிருந்து நீக்கியது. குழாயில் வரும் எண்ணுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, வியாபாரிகளோ அந்த எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதற்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. எல்.டி.எல். துகள் ரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்படிக் கெட்டுப்போன துகளை வெள்ளணுக்கள் அளவில்லாமல் விழுங்கி, கொழுப்பு நுரைத்த செல்களாக அங்கேயே தேங்குகின்றன. அடைப்பின் தொடக்கம் அதுதான். அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்தால் அடைப்பும் நின்றுவிட வேண்டும் அல்லவா? இதைச் சோதிக்க பிரிட்டனில் 20,536 பேரை வைத்து ஒரு மாபெரும் ஆய்வு நடந்தது. முடிவு 2002ல் வந்தது. ஒரே மக்கள் கூட்டத்தில் பாதிப்பேருக்கு வைட்டமின் ஈ 600 மி.கி., வைட்டமின் சி 250 மி.கி., பீட்டா கரோட்டின் 20 மி.கி.; அதே கூட்டத்தை வேறு விதமாகப் பிரித்து பாதிப்பேருக்கு சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் 40 மி.கி. ஐந்து வருடம் ஆனது. வைட்டமின் குழுவின் ரத்தத்தில் அந்தச் சத்துகள் நன்றாகவே உயர்ந்திருந்தன. மாரடைப்போ பக்கவாதமோ துளியும் குறையவில்லை. சிம்வாஸ்டாட்டின் குழுவில் இவை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தன. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களிடம் நடந்து 1994ல் வெளியான ஆய்வு இன்னும் கசப்பானது: பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% கூடுதலாக வந்தது.

கீரையும் பழமும் சாப்பிடுகிறவர்களுக்கு இதயநோய் குறைவாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அதற்கு இன்னொரு விளக்கம் வலுப்பெற்று வருகிறது. பல தாவரப் பொருள்கள் நம் செல்லுக்குச் சிறு எரிச்சலாகத்தான் போய்ச் சேர்கின்றன. கீப்1 என்ற புரதம் அந்த எரிச்சலை உணர்ந்ததும், தான் பிடித்து வைத்திருக்கும் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதத்தை விட்டுவிடுகிறது. அது செல்லின் உட்கருவுக்குள் போய், உடலின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைத் தயாரிக்கச் சொல்கிறது. முட்டைக்கோசு, காலிஃபிளவர் இனத்துக் காய்களில் கிடைக்கும் சல்ஃபோராஃபேனும் மஞ்சளின் குர்குமினும் இப்படித் தூண்டுபவை. எலியின் கல்லீரலில் எஸ்.ஓ.டி. கூடியது என்று ஆய்வில் வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கொழுப்புச் சுமை குறைந்ததாலேயே நொதிகள் மீண்டிருக்கவும் கூடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கும்படி அந்த ஆய்வுகள் அமைக்கப்படுவதில்லை. சின்ன எரிச்சல் நல்லது என்றால் பெரிய எரிச்சல் இன்னும் நல்லது என்றும் ஆகாது.

வேலை செய்கிறவை, செய்யாதவை

மனிதரில் திரும்பத் திரும்பச் சோதித்து நின்ற தாவரப் பொருள்கள் உண்டு. அவற்றின் களம் குடல். இசப்கோல் உமியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழவழப்பு நார் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறது. வழக்கமாகப் பித்த அமிலத்தில் 95% குடலிலிருந்து திரும்பக் கல்லீரலுக்கே போய்விடும். திரும்பி வராததை ஈடுகட்ட, கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்து, புதிதாகப் பித்த அமிலம் செய்கிறது. தினம் 10 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு, எல்.டி.எல்.லை ஏறக்குறைய 7% குறைக்கும். நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ஓட்ஸின் பீட்டா குளூக்கனும் இதே வழியில் போகிறது. வெந்தயத்தை ஊறவைத்தால் வரும் வழவழப்பும் இந்த வகை நார்தான், ஆனால் அதன்மேல் நடந்த ஆய்வுகள் சிறியவை. தாவர ஸ்டீரால்கள் கொலஸ்ட்ரால் மாதிரியே உருவம் கொண்டவை என்பதால் குடலில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சலைக் குறைக்கின்றன. நாளுக்கு 2 கிராம் சேர்ந்தால் 8 முதல் 10% இறக்கம். சாதாரண உணவில் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு.

பூண்டைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 192 பேருக்கு 6 மாதம், வாரத்தில் 6 நாள், பச்சைப் பூண்டோ பூண்டு மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2007ல் வந்த முடிவில் எல்.டி.எல். நகரவில்லை. 2022ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் நடத்திய ஆய்வில் ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. ஒரு பக்கம், மீன் எண்ணெய், லவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகியவற்றின் கடை மாத்திரைகள் மறுபக்கம். 28 நாளில் ரோசுவாஸ்டாட்டின் 37.9% குறைத்தது. மற்ற ஆறும் மாவு மாத்திரையைத் தாண்டவில்லை. ஸ்டீரால் தோற்றது எப்படி என்றால், மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது, எப்போது சாப்பிடுகிறோம் என்பதெல்லாம் கணக்கில் வருகிறது. கடையில் விற்கும் குப்பியை வாங்குகிறவருக்குப் பயன்படும் தகவல் அதுதான்.

அந்தப் பட்டியலில் உள்ள சிவப்பு ஈஸ்ட் அரிசி நம் மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசி அல்ல. ஒரு பூஞ்சையை அரிசியில் வளர்த்துச் செய்வது, சீனத்துப் பண்டம். அதில் உள்ள மொனகோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்ற மருந்தும் ஒரே மூலக்கூறு. குப்பிக்குக் குப்பி அதன் அளவு மாறும்; சிலவற்றில் சிறுநீரகத்தைப் பாதிக்கும் சிட்ரினின் என்ற நஞ்சும் கலந்திருக்கும். இயற்கை என்று நம்பி, ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால் அளவு தெரியாமல் இரண்டு ஸ்டாட்டின் சாப்பிடுகிறார். செறிவாக்கிய பச்சைத் தேயிலைச் சாறு, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை, சீந்தில் ஆகியவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் வந்திருக்கின்றன. ரசத்தில் போடும் மஞ்சளுக்கும் இந்த மாத்திரைக்கும் அளவில் பெரிய வித்தியாசம்.

இப்போது அந்த 160க்கு வருவோம். இசப்கோல் 7% குறைத்தால் அது 149 ஆகும். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத, புகைபிடிக்காத ஒருவருக்கு, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்து நடையையும் சேர்த்துக்கொண்டால், இது நல்ல தொடக்கம். மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்க்கலாம். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. அதே 160ஐ ஏறக்குறைய 100க்குக் கொண்டுவரும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும், ஸ்டென்ட் வைத்தவருக்கும், எல்.டி.எல். 190க்கு மேல் உள்ளவருக்கும் தேவைப்படுவது இந்த அளவோ, இதைவிடக் கூடுதலோ ஆன இறக்கம். குறிப்பாக, குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் இருந்து, எல்.டி.எல்.லும் 190ஐத் தாண்டினால், அது ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை அகற்றும் ஏற்பியில் பரம்பரையாக வரும் குறைபாடாக இருக்கலாம். பிள்ளைகளுக்கும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். இவர்கள் யாரும் சாறு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. சாறும் எடுத்துக்கொள்ள விரும்பினால் அதன் குப்பியையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டி, கல்லீரல் நொதிப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.